விழாத கைப்பிடி

அத்தியாயம் 7

புண்ணியமூர்த்தியைச் சிறைக்கு அனுப்ப அந்த ஒரு கடிதமே போதும்.

முனவ்வறா அதை மூன்றாம் தடவையும் வாசித்தாள். மின்சாரப் பகுதி எஞ்சினியர் எழுதியது. புண்ணியமூர்த்தியின் வழக்கறிஞரான புரொக்டர் கொடுத்த நகல். 'மில்லில் உள்ள ஸ்டார்ட்டரைச் சோதித்தேன். பழுதில்லை. மின்சாரம் நின்றதும் அதன் கைப்பிடி தானாக விழுந்துவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும், ஓர் ஆள் கையால் ஏற்றும்வரை மோட்டார் சுற்றாது.'

"விளங்கிச்சா மாமா?"

கலந்தர் மாமா பதில் சொல்லுமுன் கார் இரண்டு தரம் இருமி, சாய்ந்தமருதுச் சந்தியில் நின்றுவிட்டது. அவர் இறங்கினார். முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுழற்றினார்.

"நல்லா விளங்குது. என்ட காரும் அந்தச் சாதிதான். நிண்டா நிண்டதுதான். ஒரு மனிசன் இறங்கி நடு ரோட்டில மானங்கெட்டாத்தான் திரும்ப ஒழும்பும்."

"அதுதான் சங்கடம். அந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செய்யிறதாலதான் புண்ணியமூர்த்தி மாட்டிக்கிட்டான்."

நடந்தது இவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். பதியுதீன் ஹாஜியாரின் அரிசி மில்லில் கறண்ட் போனது, சற்று நேரத்தில் வந்தது. வந்த கணத்தில் றுகையா என்ற வேலைக்காரப் பெண்ணின் வலக்கை பெல்ட்டுக்குள் போய்விட்டது. முஸ்லிம் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். மில்லில் இருந்த ஒரே ஆண் மெக்கானிக் புண்ணியமூர்த்தி. கைப்பிடியை அவனைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஹாஜியாரின் சட்டம். எனவே பார்க்காமல் மோட்டாரைப் போட்டவன் அவன். பொலிசுக்குக் கணக்குச் சரி. நாளைக் காலை நீதவான் முன்னால் நிறுத்துவார்கள்.

அவன் மனைவி பூமணி விடிய முதலே முனவ்வறாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை. "அவர் போடல்ல டீச்சர். அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க" என்று இரண்டே வசனம் சொல்லிவிட்டு அழுதாள்.

பட்டம் எடுத்த பெண்ணுக்கு இந்த ஊரில் இரண்டு வேலைதான் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது, கலியாணப் பேச்சில் வயதைக் குறைத்துச் சொல்லப்படுவது. மூன்றாவது ஒரு வேலையை முனவ்வறா தானாகவே எடுத்துக்கொண்டாள். போன மாதம் கூட்டுறவுச் சங்கக் கடைச் சீனி மூட்டை எப்படி மெலிந்தது என்று அவள் கண்டுபிடித்ததிலிருந்து, வழக்கு என்றால் சனம் அவளைத் தேடி வந்தது. தனியாக அலைய வீட்டில் விடமாட்டார்கள். அதனால் உம்மாவின் தம்பியும், வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டுபவருமான கலந்தர் மாமா கூடவே வந்தார். பெற்றோல் செலவும் நையாண்டியும் அவருடையது.

* * *

மில்லின் பூட்டைப் பொலிஸ் அன்று காலையில்தான் எடுத்திருந்தது. இயந்திரம் இன்னும் ஓடவில்லை. வாசலில் ஐந்தாறு பெண்கள் சுளகோடு குந்தியிருந்தார்கள். பதியுதீன் ஹாஜியார் தன் அறையைப் பூட்டித் திறப்பை இடுப்புவாரில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, பள்ளிக்கூடம் இல்லையா?"

"லீவு, ஹாஜியார்."

"படிச்ச புள்ளைகளுக்கு லீவு கூடிப்போச்சு." அவர் கலந்தரைப் பார்த்தார். "பின்னேரம் மில்லு ஓடணும். புது ஆளைக் கூட்டி வரப் போறன். பார்க்கிறதெண்டா பாத்திட்டுப் போங்க. மறைக்க ஒண்டும் இல்ல."

மறைக்க ஒன்றும் இல்லை என்று யாரும் கேட்காமலே சொல்லும் மனிதரை முனவ்வறா குறித்து வைத்துக்கொண்டாள். அவர் போனதும் பெண்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். அவர்களில் மூத்தவள் மைமூனா. கணவனை இழந்தவள், மில் தொடங்கிய நாளிலிருந்து இங்கே இருப்பவள்.

"ராத்தா, பெல்ட்டுக்குள்ள கை போடச் சொல்லி ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லுறல்ல. கறண்ட் போனா பெல்ட் நிக்கும். அப்பதானே சிக்கின சாக்கு நூலை எடுக்கலாம். ஓடக்குள்ள எடுக்க ஏலுமா?"

"எடுத்துக்கொண்டிருக்கக்குள்ள கறண்ட் வந்தா?"

"வந்தா என்ன? மோட்டார் உடன ஓடாதே." மைமூனா ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "புண்ணியமூர்த்தி கைப்பிடிய முதல்ல ஒரு பக்கம் தள்ளுவார். அது மெதுவா உறுமும். கையை எடுங்கடி எண்டு அதுவே சொல்லுற மாதிரி. நாங்க எடுத்திருவம். மறுகா டக்கெண்டு அடுத்த பக்கம் தள்ளுவார். அதுக்குப் பிறகுதான் வேகம்."

"வெள்ளிக்கிழமை உறுமினதா?"

சுளகுகள் நின்றன. மைமூனா அரிசியைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த றஹீமா என்ற பெண்தான் வாயைத் திறந்தாள்.

"உறுமல்ல டீச்சர். ஒரே அடி. டம் எண்டு. லைட்டெல்லாம் மங்கிப்போச்சு."

மைமூனா திரும்பிப் பார்த்த பார்வையில் றஹீமா சுளகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முனவ்வறா எழுந்து உள்ளே போனாள். ஸ்டார்ட்டர் சுவரில் இருந்தது. கறுப்பு இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெய், பக்கத்தில் முழ நீளக் கைப்பிடி. ஊரில் தண்ணீர்த் தாங்கி நிறைவதும், மீன் ஐசோடு மட்டக்களப்புக்குப் போவதும், நெல் அரிசியாவதும் இப்படியான பெட்டிகளால்தான். இந்த மில்லில் அதற்கு ஒரு பெயர்கூட யாரும் வைத்திருக்கவில்லை. 'கைப்பிடி', அவ்வளவுதான்.

"மாமா, இதைப் பாருங்க." கைப்பிடியை நேராக இரண்டாம் பக்கம் தள்ளப் பார்த்தாள். அது அசையவில்லை. "முதல் பக்கம் போகாம அடுத்த பக்கம் போக இது விடாது. மனிசன் ஏத்தினா உறுமாம ஓட வழியே இல்ல."

"அண்டைக்கு உறுமல்ல."

"அப்ப மனிசன் ஏத்தல்ல. கறண்ட் போன நேரமே கைப்பிடி ஏறினபடிதான் இருந்திருக்கு. விழவேண்டியது விழல்ல."

"பெட்டி பழுதில்லையாமே. எஞ்சினியர் துரை சத்தியம் பண்ணியிருக்கார்."

"பழுதில்ல. யாரோ பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்காங்க. அல்லது..."

அவள் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். கிறீசோடு நீல நிறப் பஞ்சு வந்தது. பெயின்ற் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாகத் தேய்ந்திருந்தது. ஒரு நாள் தேய்வு அல்ல, பல நாள் தேய்வு. கலந்தர் மாமா மண்டியிட்டார், தும்மினார், பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டு ஒரு நூல் வளையத்தை இழுத்தெடுத்தார். ஏழெட்டு இழை சேர்ந்த நீல நூல். ஓரிடத்தில் வெட்டியிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

முதல் தடவையாக அவர் பகிடி விடவில்லை.

"இது மருதமுனை முடிச்சு, மகள். தறியில இழை அறுந்தா போடுறது. உன்ட மாமி கண்ணை மூடிக்கொண்டு போடுவா. இழுக்க இழுக்க இறுகும். அவிழாது."

"அதனாலதான் வெட்டியிருக்கு" என்றாள் முனவ்வறா.

பின்னால் மைமூனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நான்தான் வெட்டினன்" என்றாள். "அவள் கத்தின உடன ஓடி வந்து மோட்டாரை நிப்பாட்டக் கைப்பிடியக் கீழ இழுத்தன். முடிச்சு அவிழல்ல. மெயின் சுவிச்சு ஹாஜியார்ட அறைக்குள்ள, திறப்பு அவர்ட இடுப்பில, அவர் பள்ளியில. சாக்குக் கத்தியைத் தேடிப் போனன். தேடின நேரத்துக்குத்தான்..." அவள் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"புண்ணியமூர்த்தி எங்க? அவன்ட இடுப்பில எப்பவும் குறடு இருக்குமே. ஒரு வெட்டு வெட்டியிருக்கலாமே."

மைமூனா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ராத்தா, அவன் மில்லிலயே இருக்கல்ல. அப்படித்தானே?"

"குறட்டையும் பொலிஸ் கொண்டு போயிட்டு" என்றாள் மைமூனா, கேட்காத கேள்விக்கு.

"கட்டினது ஆரு?"

"என்னட்டக் கேக்காதீங்க. ரெண்டு கையும் இருக்கிற ஆக்களிட்டக் கேட்டுப் பிரயோசனமில்ல."

* * *

ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் றுகையா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். இருபத்திரண்டு வயது, மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பெண். வலக்கை மணிக்கட்டோடு முடிந்து, கட்டுக்குள் இருந்தது. வெளியே தண்ணீர்த் தாங்கியின் மோட்டார் தானாக ஓடி, தாங்கி நிறைந்ததும் தானாக நின்றது. அது நின்றதை அந்த வார்டில் அவள் ஒருத்திதான் கவனித்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

கலந்தர் மாமா வாசலில் நின்றுகொண்டார். முனவ்வறா நூல் வளையத்தைப் படுக்கையில் வைத்தாள்.

றுகையா இடக்கையால் அதைத் தொட்டாள்.

"என்ட முடிச்சுதான்."

"ஏன் கட்டினாய்?"

"அண்ணன் கோயிலுக்குப் போகத்தான்." அவள் குரல் தட்டையாக இருந்தது. "புண்ணியமூர்த்தி அண்ணன்ட புள்ளைக்கு வலிப்பு. வெள்ளிக்கிழமை காரைதீவில உச்சிப் பூசைக்குப் போறதா நேர்த்தி வச்சிருக்கார். ஆம்பிளையள் ஜும்ஆவுக்குப் போனபிறகு இவர் சைக்கிள்ள ஓடிப்போய், அவங்க வர முதல் வந்திருவார். ஒருக்கா அந்த நேரம் கறண்ட் போய் வந்திச்சு. கைப்பிடி விழுந்திட்டு. நாங்க தொடக்கூடாதே. ஹாஜியார் வரக்குள்ள மில்லு நிக்குது. அண்ணனைக் கேக்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். இன்னொருக்கா நிண்டா வேலை இல்லையெண்டார்."

"அதுக்குப் பிறகு கட்டினாய்."

"கைப்பிடி விழாட்டி, கறண்ட் வந்த உடன மில்லும் ஓடுமே. நான்தான் நினைச்சன். அண்ணன் வேணாமெண்டார். நான் விடல்ல. அவர் போனபிறகு கட்டுவன், வர முதல் வெட்டி எடுப்பன்."

"கட்டினது உனக்குத் தெரியுமே. பிறகேன் கையைப் போட்டாய்?"

றுகையா முதல் தடவையாக அவளை நேரே பார்த்தாள்.

"பழக்கம் டீச்சர். பெல்ட் நிண்டிச்சு, நூல் சிக்கியிருந்திச்சு, கை போயிட்டு. உறுமும்தானே எண்டு கை நினைச்சிட்டு."

கல்லூரியில் முனவ்வறா மின்சாரம் படித்திருந்தாள். எதிர்ப்பு, அழுத்தம், காந்தச் சுருள், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் நல்ல புள்ளி. மின்சாரம் போனதும் அந்தச் சுருள் விட்டுவிடும் கைப்பிடிக்கும் ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

"இதக் கோட்டில சொன்னா அண்ணன் வெளியில வருவாரா?"

"வருவார்."

"நான்?"

முனவ்வறா நூல் வளையத்தைப் பார்த்தாள். ஹாஜியாரின் சட்டத்தை மீறியவள், தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவள், அந்நிய ஆணுக்காகக் கள்ள வேலை செய்தவள். ஊர் இந்த மூன்றையும் ஒரே நாளில் சொல்லி முடிக்கும். மில்லில் இருந்து நட்டஈடாக ஒரு சதம்கூட வராது.

றுகையா இடக்கையால் நூலை எடுத்து, பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்துப் பார்த்தாள். அது அவிழவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "அண்ணன்ட புள்ளைக்கு வாப்பா வேணும். எனக்குப் போனது இனி வராது."

* * *

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கலந்தர் மாமா, காரைக் கிளப்பியபடி. "துப்புக் கிடைச்சிட்டு. ஆனா ஏன் மகள், மையத்து வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு?"

பொலிஸ் ஸ்டேஷனில் ஒரு சார்ஜன் தாளைத் தூக்கிக் காட்டினார். பின்னேரம் எழுதியது. மை இன்னும் பளபளத்தது.

"வந்த காரியம் முடிஞ்சுது, மிஸ். அவனே ஒப்புக்கொண்டிட்டான். பாக்காமப் போட்டதாம்."

புண்ணியமூர்த்தி கம்பிக்கு அப்பால் எழுந்து நின்றான். மெலிந்த மனிதன். நெற்றியில் பழைய திருநீறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஐந்து நாளாக முகம் கழுவவில்லைப் போலும், அல்லது நெற்றியை மட்டும் விட்டுக் கழுவினான் போலும்.

முனவ்வறா நூலைக் காட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கோயில்ல இருந்தீங்க. பூசைக்கு வந்த ஆக்கள் பத்துப் பேராவது கண்டிருப்பாங்க."

"டீச்சர், அதை அடுப்பில போடுங்க."

"றுகையா சொல்லச் சொல்லிட்டாள்."

"அது அவட குணம். நான் அதைக் கேக்கேலாது." அவன் கம்பியைப் பிடித்தான். எண்ணெய் ஊறிய விரல்கள். "என்ட பிள்ளைக்காக நான் போன நேரத்தில அந்தப் பிள்ளைட கை போயிற்று. நீங்க எப்படி எழுதினாலும் அதுதான் நடந்தது."

"செய்யாத வேலைக்கு உள்ள போகப் போறீங்களா?"

"செய்யாம விட்ட வேலைக்கெண்டு வையுங்க. அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில நான் நிண்டிருக்க வேணும்."

"ஹாஜியார் வந்தாரா?"

புண்ணியமூர்த்தி சார்ஜன் பக்கம் பார்த்தான்.

"மத்தியானம் வந்தவர். ஒப்புக்கொண்டாய் எண்டா றுகையாட ஆஸ்பத்திரிச் செலவு என்ட பொறுப்பெண்டார். அவட தங்கச்சிக்கு மில்லில வேலையும் குடுக்கிறாராம். நல்ல மனிசன்தான் எண்டு நினைச்சன்."

முனவ்வறா கம்பியைப் பிடித்தாள். "தங்கச்சிக்கு எப்பயிருந்து வேலை?"

"இண்டைக்கெண்டுதான் சொன்னார்."

* * *

திரும்பி வரும்போது கார் மீண்டும் சந்தியில் நின்றது. கலந்தர் மாமா கம்பியோடு இறங்கினார். தேத்தண்ணிக் கடை ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மில்லின் சத்தம் சீராகக் கேட்டது.

"ஓடுது" என்றார் அவர். "ஹாஜியார் சொன்ன மாதிரியே."

ரேடியோ வாக்கியத்தின் நடுவில் செத்தது. கடையின் மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. மில்லும் அடங்கியது.

"எங்கயோ தென்னோலை விழுந்திருக்கும். இப்ப வந்திரும்..." சொல்லிக்கொண்டே மாமா திரும்பினார். முனவ்வறா காரில் இல்லை.

பெல்ட் நின்றதும் பெண்களின் கைகள் உள்ளே போகும், புது ஆளின் கையில் கைப்பிடி விழுந்ததோ தெரியாது. முக்காடு தோளில் விழ அவள் ஓடினாள். ஊர் பார்த்தது. பட்டதாரி டீச்சர் நடுத் தெருவில் ஓடுவதை நாளைக்கு நாலு வீட்டில் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

மில்லுக்குள் அரை வெளிச்சம். நின்ற பெல்ட்டைச் சுற்றிப் பெண்கள் குனிந்திருந்தார்கள். கறண்ட் போனால் நூல் எடுப்பது. அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு புதியவள். பதினெட்டு வயது, றுகையாவின் முகம், றுகையாவின் நெற்றி. தங்கச்சி சுஹறா. அவள் கை முழங்கை வரை உள்ளே இருந்தது.

முனவ்வறா கூப்பிடவில்லை. கூப்பிட நேரம் இல்லை. பின்னால் போய்த் தோளைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உமிக் குவியலில் விழுந்தார்கள்.

டம்.

ஒரே சத்தம். உறுமல் இல்லை. விளக்குகள் மங்கி எரிந்தன. பெல்ட் பறந்தது.

பெண்கள் கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தன் விரல்களை எண்ணுவதுபோலப் பார்த்தாள். சுஹறாவுக்கு என்ன நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை. "சேலையில உமி, டீச்சர்" என்று தட்டிவிட்டாள்.

முனவ்வறா ஸ்டார்ட்டரிடம் போனாள். கைப்பிடி ஏறினபடி இருந்தது. இந்தத் தடவை நீல நூல் இல்லை. இரும்புக் கம்பி, மூன்று சுற்று, இறுக முறுக்கியது.

"புது ஆள் கட்டினது" என்றாள் மைமூனா, அவள் காதருகில். "ஒவ்வொருக்கும் ஓடி வந்து ஏத்த ஏலாதாம், கட்டிப்போட்டுத் தன்ட குறட்டோட வெளியில போயிட்டான். அண்டைக்கு நான் வெட்டின நூலை ஹாஜியார் வந்து பாத்தவர், டீச்சர். ஒண்டும் கேக்கல்ல. நூலெண்டா அறுந்திரும் எண்டு இண்டைக்குக் கம்பியை அவர்தான் எடுத்துக் குடுத்தார்."

"இதக் கோட்டில வந்து சொல்லுவீங்களா?"

மைமூனா மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் சுளகைப் பார்த்தார்கள்.

கலந்தர் மாமா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். பெல்ட்டைப் பார்த்தார், சுஹறாவைப் பார்த்தார்.

முனவ்வறா கம்பியின் நுனியைப் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். பெருவிரல் கிழிந்தது. ஹாஜியாரின் அறை பூட்டியிருந்தது. மோட்டார் அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

குறடு இல்லாமல் அதை அவிழ்க்க முடியாது. அந்த மில்லில் எப்போதும் இடுப்பில் குறடோடு நின்ற ஒரே ஆள் லொக்கப்பில் இருந்தான்.